கடைமடை சிலிண்டர்

1

இந்தத் தடவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ஸ்டிக்கர். வட்டமானது, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஜெர்மனியில் ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் பின் நம்பர் பலகையிலும் அது இருக்கும். இருந்தால் வண்டி ரோட்டில் போகலாம். இல்லாவிட்டால் அது வாசலில் நிற்கும் இரும்பு, அவ்வளவுதான். சமீபத்தில் எங்கள் மகள் செலினின் காரில் அதை ஒட்டினார்கள். பரிசோதனை அதிகாரி கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்த அந்த நிமிஷம்தான், சித்திரையிலிருந்து விட்டுப்போயிருந்த தூக்கம் எனக்குத் திரும்பி வந்தது.

ஒரு காருக்கா இவ்வளவு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். செலின் படிக்கும்போது பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் அந்தக் காரை வாங்கி வந்து நிறுத்திய அன்று, நான் கேட்ட முதல் கேள்வி: "இதுல ஆள் எங்க உக்காரும்?"

இரண்டு பேர் உட்காரலாம். படுத்த மாதிரி உட்கார வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் மூடியைத் திறந்தால் என்ஜின். அந்த என்ஜினின் உடம்பில் ஒரு விரிசல். அதனால்தான் மலிவாகக் கிடைத்திருக்கிறது.

"என்ஜின் செத்துப் போச்சு அம்மா. வேற போடலாம்," என்றாள் செலின், பல் தேய்க்கும் பிரஷ்ஷை மாற்றுவது போல.

2

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சின்ன ஊரில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாணம் ஆகிப் பெருத்துப் போனவர்களின் கோட்டுகளைப் பிரித்துவிடுவது. ஜெர்மன் மொழியை நான் வகுப்பில் படிக்கவில்லை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அளவெடுக்க நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டே கற்றேன். ஒரு கிழவர் சொல்வார்: "என் இடுப்பு மட்டும்தான் இன்னும் வளர்கிறது, மற்ற எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டது." இப்படி யாராவது எதையாவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

வீட்டுக்காரர் அந்தோணி டவுன் பஸ் ஓட்டுகிறார். அவர் திருக்காட்டுப்பள்ளி, நான் கீழ்வேளூர். மேலே பார்த்தால் இரண்டும் காவிரி ஊர், இரண்டும் நெல் ஊர். ஆனால் எங்களுக்குள் நடக்கிற சண்டை முழுவதும் இந்த இரண்டு ஊர்ப் பெயருக்குள் அடங்கிவிடும். ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் நனைகிற பக்கம் அவர்களுடையது. தலைமடை. எல்லாருடைய வயலும் குடித்து, மிச்சம் இருந்தால் வந்து சேர்கிற இடம் எங்களுடையது. கடைமடை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே, "எங்க ஊர்ல தண்ணிக்குக் கவலையே இல்லீங்க," என்று அவர் பெருமையாகச் சொல்ல, என் அப்பா, "உங்களுக்கு இல்லாத கவலையைத்தான் மாப்ள நாங்க இங்க பட்டுக்கிட்டு இருக்கோம்," என்றார். அந்த ஒரு வரியை வைத்தே நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன்.

குழாயைச் சொட்டவிட்டால், "தலைமடைக்காரரே, குழாய்!" என்பேன். நான் பஸ் டிக்கெட் முதல் பிளாஸ்டிக் டப்பா வரை சேர்த்து வைத்தால், "கடைமடை புத்தி," என்பார் அவர். செலின் இதையெல்லாம் கேட்டபடிதான் வளர்ந்தாள். ஆனால் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போன பிறகு அவள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அப்பாவிடம் அதுவும் இல்லை. "ம்" என்பது எல்லா மொழியிலும் "ம்"தான்.

3

கார் வேலை தொடங்கியது. செலினுக்கு மலைக்குள் இருக்கிற ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது, கோடையில் சேர வேண்டும். எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கும் வேலை. அங்கே ரயில் கிடையாது. வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

"கார் ஓடுனா வாரா வாரம் வருவேன்," என்றாள்.

ஓடாவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. நானாகவே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு வருவாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவாள். இங்கே எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போவதில்லை. பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றுதான் போகிறார்கள்.

அந்தோணி ஒரு பழைய என்ஜினைத் தேடிப் பிடித்தார். அதே காலத்து கேம்பிங் வேனில் இருந்தது. வேனின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, என்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. செத்ததைவிடப் பெரிது, வலுவும் அதிகம். இரண்டுக்கும் ஒரு பொருத்தம்: இரண்டுமே காற்றில் குளிர்பவை. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. ஒரு விசிறி காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோல் எரிகிற நான்கு சிலிண்டர்களையும் சுற்றி இருக்கிற மெல்லிய மடிப்புகள் வழியாக அடித்துக் கீழே தள்ளிவிடும். அதுதான் மொத்தக் குளிர்ச்சியும்.

கிளட்ச்சைப் பொருத்துவதற்கு ஒரு பாடு, புகைக்குழாயை வளைப்பதற்கு ஒரு பாடு. அப்பாவும் மகளும் ஒரே காரின் அடியில் படுத்துக்கொண்டு, ஒருவர் தமிழிலும் ஒருவர் ஜெர்மனிலும் முனகுவார்கள். "ஸ்பேனர்" என்ற ஒரு சொல்தான் இரண்டு பேருக்கும் நடுவில் பாலம். நான் காபி கொண்டுபோனால் நாலு கால் மட்டும் தெரியும்.

கடைசியில் என்ஜின் உட்கார்ந்தது. ஆனால் என்ஜினைச் சுற்றி மூடுவதற்கு வேனுக்காகச் செய்த தகடுகள் காருக்குப் பொருந்தவில்லை, காரின் தகடுகள் இந்த என்ஜினுக்குப் பொருந்தவில்லை. சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியாகத் தரை தெரிந்தது. சிலிண்டர்களுக்கு அடியில் மாட்டும் துருப்பிடித்த தகரங்களையும் அந்தோணி கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்.

"காத்துல குளிர்ற என்ஜினுக்குக் காத்தை அடைச்சா எப்படி? நாலா பக்கமும் தொறந்து கெடக்கட்டும்," என்றார். "எங்க வயல்ல ஆயில் என்ஜின் சூடேறுனா மேல கெடக்குற தார்ப்பாயைத் தூக்குவோம். அவ்ளோதான். தானா ஆறிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

4

பக்கத்தில் ஒரு மலைச்சாலை இருக்கிறது. முதல் ஓட்டத்துக்கு அங்கே போனார்கள். போகும்போது செலின் கையசைத்தாள். என்ஜின் சத்தம் தெருமுனை வரைக்கும் கல்யாண மேளம் மாதிரி கேட்டது.

வெகுநேரம் கழித்து வண்டி ஊர்ந்து வந்தது. சூடான எண்ணெய் நாற்றம். இரண்டு பேரும் இரண்டு பக்கமாக இறங்கினார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"சூடாயிருச்சு," என்றார் அந்தோணி. கை கழுவப் போனார்.

செலின்தான் சொன்னாள், பாதித் தமிழில். "அப்பா என்ஜினைச் சமைச்சிட்டார்."

அவர்கள் மூன்றாவது சிலிண்டரில் சூடு காட்டும் மீட்டர் ஒன்று மாட்டியிருந்தார்கள். இந்த வகை என்ஜினில் அந்தச் சிலிண்டர்தான் முதலில் தவிக்கும் என்பதால் அங்கேதான் மாட்டுவார்களாம். ஏற்றம் ஆரம்பித்ததும் முள் எழுந்தது. பாதி மலையில் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி ஆறவிட்டு, திரும்பி, இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு முறை முயன்றார்கள். அந்தோணி பின்மூடியின் கீழே மரக்கட்டை வைத்துத் தூக்கிக் காற்றுக்கு மேலும் வழி விட்டார். முன்னைவிடச் சீக்கிரம் சூடானது.

"வித்துடப் போறேன்," என்றாள் செலின், ஜெர்மனில். "அங்கேயே ரூம் பாத்துக்கறேன். பரவாயில்ல அம்மா. நெறைய பேர் அப்படித்தான் இருக்காங்க."

அந்தப் "பரவாயில்ல"வை மட்டும் தமிழில் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. மூன்று பேரும் மேஜையில். கீழ்வேளூரிலிருந்து என் தம்பி லூர்துவின் போன். அவன் அங்கே விவசாயம் பார்க்கிறான். எனக்குக் கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னக்கா, மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில பூவா தூவிக் காட்டறானுவ. இங்க நம்ம வாய்க்கால்ல ஆடு படுத்துக் கெடக்கு."

"இன்னுமா வரல?"

"எங்கேர்ந்து வரும்? தண்ணியெல்லாம் நெறையத்தான் வுட்ருக்கான். வழி நெடுக மதகுல பலகை இல்ல, கரையில எலி வளை. தண்ணிக்கு என்னைவிட சோம்பேறித்தனம்க்கா. கிட்ட எந்த ஓட்டை இருக்கோ அதுல பூந்துக்கும். கீழ்வேளூர் வரைக்கும் நடந்து வர அதுக்கு என்ன தலையெழுத்தா?"

அந்தோணி சும்மா இருப்பாரா? "லூர்து, எங்க ஊர்ல கேட்டுப் பாரு. தண்ணி கரையைத் தட்டுது!"

"தட்டும் அத்தான், நல்லாத் தட்டும். நீங்க நிக்கிறது எங்க பங்குத் தண்ணியிலதானே!"

நான் சிரித்தேன். செலின் சிரிக்கவில்லை. போனை வைத்ததும், "மாமா என்ன சொன்னார்? மெதுவா சொல்லுங்க," என்றாள். சொன்னேன். மதகு என்றால் என்ன என்று கேட்டாள். வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிடும் கதவு என்றேன். ஓட்டையை அடைக்காவிட்டால் மேலே எவ்வளவு விட்டாலும் கீழே வராதா என்று கேட்டாள். வராது என்றேன்.

அவள் தன் தட்டைப் பார்த்தாள். ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்து வைத்திருந்தாள், கரை ஒரு பக்கம் இடிந்திருந்தது. கிண்ணத்திலிருந்து ரசத்தை ஊற்றினாள். முழுவதும் இடிந்த பக்கமாக ஓடித் தட்டின் ஓரத்தில் தேங்கியது. மறுபக்கத்துச் சோறு வெள்ளையாகவே இருந்தது. விரலால் கரையைச் சேர்த்துக் கட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். ரசம் ஏறி எல்லா இடத்துக்கும் போனது.

"அப்பா," என்றாள். கார் சூடானதற்குப் பிறகு அன்றுதான் கூப்பிட்டாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க தலைமடை."

"என்னது?"

"காத்து நெறைய வருது. ஆனா ஓட்டையில போயிடுது." கை இரண்டையும் வைத்து என்ஜின் மாதிரி காட்டினாள். சொல் கிடைக்காமல் ஒரு நிமிஷம் தவித்தாள். பிறகு சொன்னாள்: "மூணாவது சிலிண்டர் அம்மா ஊரு."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இந்தச் சொற்களை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே எங்கள் சண்டையிலிருந்து பொறுக்கியிருக்கிறாள். வற்றிவிட்டது என்று நான் நினைத்த தமிழ் அவளுக்குள் எங்கோ தேங்கித்தான் கிடந்திருக்கிறது.

அந்தோணி கையை உதறிக்கொண்டு எழுந்தார். "அடிப்பாவி," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அந்தத் தகரத்தையெல்லாம் நான்தானே கழட்டிப் போட்டேன்."

6

ஊகம் சரிதானா என்று பார்க்க வேண்டாமா? அதற்கு நான் வழி சொன்னேன். தையற்கடையில் குறைவில்லாமல் இருப்பது நூல். விரல் நீள வெள்ளை நூல்களை நறுக்கி, என்ஜினைச் சுற்றி இருந்த இடைவெளி நெடுக, ஒரு முனையை மட்டும் ஒட்டி வைத்தேன். விசிறிப் பக்கம் வேண்டாம் என்றார்கள், சரி. வண்டியை வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினாள் செலின்.

நூல்கள் கீழே தொங்கவில்லை. எல்லாமே எழுந்து உள்பக்கமாகச் சாய்ந்து ஆடின. கையை நீட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று ஏறியது. கீழே தள்ளப்பட்ட சூட்டையே விசிறி அந்த இடைவெளி வழியாக மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. அடித்தகரங்கள் இல்லாததால், உள்ளே வந்த கொஞ்சநஞ்சக் குளிர்ந்த காற்றும் மடிப்புகளுக்குள் நுழையாமல் நழுவிப் போனது.

"வடிகால் தண்ணியைத் திருப்பிப் பாசனத்துக்கு ஏத்தியிருக்கோம்," என்றார் அந்தோணி. மூடிக்கு அடியில் தாமே வைத்த மரக்கட்டையை எடுத்துத் தூர எறிந்தார்.

அதற்கப்புறம் வேலை என் பக்கம் வந்தது. ரவிக்கைக்குப் பேப்பரில் வெட்டு எடுப்பது போல, என்ஜினைச் சுற்றிப் பேப்பரை வைத்து வளைவு வளைவாக வெட்டினேன். அதை அலுமினியத் தகட்டில் வைத்து அந்தோணி அறுத்தார். தகட்டுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டையை என் கனமான மிஷினில் தைத்தேன். லெதர் கோட்டுக்கு வைத்திருந்த ஊசி ஒன்று உடைந்தது. செலின் அடித்தகரங்களைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து அவை இருந்த இடத்திலேயே மாட்டினாள். எந்த ஓட்டையும் விடவில்லை. ஸ்குரூ போகும் துளையைக் கூட அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, ரத்தம் கடைமடை," என்றேன்.

"ஓட்டறது தலைமடை," என்றார் அவர்.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். நூல்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றன.

7

மலை ஏறிப் பார்த்தார்கள். முள் நடுவில் நின்றது. ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே. இங்கே காருக்கு வேறு என்ஜின் வைத்தால் வண்டியின் காகிதத்தில் அது ஏற வேண்டும். புகை, சத்தம், பிரேக், எல்லாம் பார்த்து ஒரு அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிக்கர் கிடையாது.

அதிகாரி நெட்டையாக இருந்தார். பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். இந்த ஊர் அதிகாரிகள் நிதானமாகப் பார்க்கும்போதுதான் பயமாக இருக்கும்.

"இந்த என்ஜின் இந்தக் காருடையது இல்லை," என்றார்.

அந்தோணிக்குப் பதற்றத்தில் ஜெர்மன் வராது. இலக்கணம் எல்லாம் உதிர்ந்துபோய், "ஆமாம் ஐயா. வேனின் பெண், காரின் பையன். நாங்கள் கல்யாணம் செய்தோம்," என்று சொல்லிவிட்டார். செலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவரா?"

"இல்லை. பஸ் டிரைவர்."

அவர் சிரித்தார். இங்கே தொழிற்சாலையில் என்ஜினையும் உடம்பையும் சேர்க்கிற இடத்துக்குப் பெயரே கல்யாணம்தானாம். அது எங்களுக்குத் தெரியாது. அவருக்கு எங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பெரிய என்ஜினுக்கு இந்தப் பிரேக் தாங்குமா என்று சக்கரங்களைச் சோதனை உருளைமேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். இதே மாதிரி மாற்றிய கார் முன்பு பதிவாகியிருக்கிறதா என்று கணினியில் தேடினார். கடைசியாக நான் தைத்த ரப்பர் பட்டையை விரலால் தடவி, "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

"என் அம்மா தைச்சாங்க," என்றாள் செலின். ஜெர்மனில்தான் சொன்னாள். அதில் "அம்மா" என்பது மட்டும் தமிழாக விழுந்தது. அவர் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்த ஸ்டிக்கர். கட்டைவிரல். தேய்ப்பு.

8

நேற்று வெள்ளிக்கிழமை. வேலையில் சேர்ந்த பிறகு செலின் முதல் தடவையாக வருகிறாள். கோடையானதால் சாயங்காலமும் வெயில் காய்ந்தது. கணவாயைத் தாண்டி வர வேண்டும், நீளமான ஏற்றம். அந்தோணி பேப்பர் படிப்பது போல வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தைத்தான் படித்தார்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு தெருமுனையில் அந்தத் தட்டையான மூஞ்சி. நான் ஓடிப் போய்ப் பின்மூடியில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி.

"எங்க நின்னுச்சு முள்ளு?" என்று கேட்டார் அந்தோணி.

"நடுவுல. உச்சியிலயும் நடுவுல," என்றாள் செலின். அப்பாவின் தோளில் பையை மாட்டிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்து லூர்துவின் போன். அங்கே எல்லாரும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். பதறிக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"அக்கா, வந்துருச்சுக்கா! இப்பதான் மடையில வாய் வச்சுச்சு. கணுக்கால் அளவுதான். ஆனா வந்துருச்சு. சத்தம் கேக்குதா பாரு."

போனை வாய்க்காலுக்குப் பக்கத்தில் பிடித்தான் போலிருக்கிறது. சலசலவென்று கேட்டது. செலின் அடுக்களையிலிருந்து தட்டோடு வந்து போனிடம் குனிந்தாள்.

"மாமா, இங்கயும் வந்துச்சு."

"அடடே பாப்பாவா! அங்க என்னம்மா வந்துச்சு?"

"காத்து மாமா. கடைமடை வரைக்கும்."

"காத்தா?" என்றான் லூர்து. அவன் பின்னால் தண்ணீர்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து அந்தோணி கத்தினார்: "லூர்து, வழியில ஓட்டையை அடைச்சது தலைமடைக்காரன்னு அவளைச் சொல்லச் சொல்லு!"